4500 ஆர்பிஎம்மில் மூச்சு வாங்கும் ஆர்எக்ஸ்-7: டர்போவை மாற்றும் முன் ஹோஸைப் பாருங்கள்

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 எஃப்டி (மூன்றாம் தலைமுறை, இரண்டு டர்போ வைத்த ஸ்போர்ட்ஸ் கார்) வைத்திருப்பவரிடம் பேச ஆரம்பித்தால், ரெண்டாவது டர்போ வரவில்லை, பூஸ்ட் (டர்போ திணிக்கும் காற்றின் அழுத்தம்) விழுகிறது என்ற புலம்பல் சீக்கிரம் வந்துவிடும். அடுத்த வரியே "புது டர்போ போட்டுடலாமா, இல்லை ரெண்டையும் ஒண்ணா ஓட விட்டுடலாமா" என்பதுதான். கொஞ்சம் பொறுங்கள். 1991 கடைசியில் விற்பனைக்கு வந்து 2002 வரை தயாரான வண்டி இது, அதாவது கடைசியாக வந்த வண்டிக்கே இருபது வயது தாண்டிவிட்டது. அந்த வயதில் முதலில் சாவது டர்போ இல்லை, ரப்பர்.

எப்படி வேலை செய்கிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கீழ் ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எஞ்சின் சுற்றும் எண்ணிக்கை) முதல் டர்போ மட்டும்தான் எஞ்சினுக்குக் காற்று தரும். 4500-ஐ நெருங்கும்போது கொஞ்சம் எக்ஸாஸ்டை விட்டு இரண்டாவதை முன்கூட்டியே சுழல வைப்பார்கள், அது தள்ளும் காற்று அப்போதைக்கு எஞ்சினுக்குப் போகாது. பிறகு எக்ஸாஸ்ட் பக்கக் கதவும் இன்டேக் பக்கக் கதவும் சட்டென்று திறந்து இரண்டும் சேர்ந்துகொள்ளும். மாற்றம் எதுவும் செய்யாத ஆரம்பகால வண்டியில் இதை பூஸ்ட் கேஜில் அப்படியே பார்க்கலாம்: 10 பிஎஸ்ஐ, 4500-ல் 8-க்கு ஒரு சறுக்கு, உடனே மறுபடி 10.

இந்தக் கதவுகளைத் திறந்து மூடுவது மோட்டார் இல்லை, காற்றுதான். பூஸ்ட் ஏறிய பிறகு இன்டேக் மேனிஃபோல்டில் (எஞ்சினுக்குள் காற்று போகும் குழாய்) வேக்கூமே, அதாவது உறிஞ்சும் இழுப்பே, இருக்காது, ஆனால் கதவை இழுக்க அப்போதுதான் வேக்கூம் வேண்டும். அதனால் முன்பே உறிஞ்சிய வேக்கூமை ஒரு சின்ன டேங்கில் சேமித்து வைக்கிறார்கள், அழுத்தத்துக்கு இன்னொரு டேங்க். சேமித்தது திரும்பிப் போகாமல் காப்பது ஒருவழி வால்வு, சாதாரண பிளாஸ்டிக் துண்டு. கிணற்று மோட்டாரின் ஃபுட் வால்வு கசிந்தால் ராத்திரிக்குள் குழாய்த் தண்ணீர் எல்லாம் கீழே இறங்கிவிடுமே, அதே கதைதான் இங்கேயும்.

சரி, வேலைக்கு வருவோம். தேவையானவை: கேஜ் வைத்த கை வேக்கூம் பம்ப், 4 மி.மீ. மற்றும் 6 மி.மீ. சிலிக்கான் ஹோஸ், புது ஒருவழி வால்வுகள், இன்டேக் மேனிஃபோல்டுக்குப் புது கேஸ்கெட், பிளேடு, மாஸ்கிங் டேப். வண்டியின் சர்வீஸ் மேனுவலில் உள்ள ஹோஸ் வரைபடத்தைப் பெரிதாக அச்சடித்துப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளுங்கள், அது இல்லாமல் தொடவே தொடாதீர்கள்.

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு, பேட்டரியைக் கழற்றிவிட்டு மேல் இன்டேக் மேனிஃபோல்டை எடுங்கள். கீழே குருவிக்கூடு மாதிரி ஹோஸ்கள் சிக்கிக் கிடக்கும், பயப்பட வேண்டாம். இறங்கியது இறங்கிவிட்டீர்கள், அங்கேயே இருக்கும் ஃபியூல் பல்சேஷன் டேம்பரையும் (பெட்ரோல் லைனில் அழுத்தத் துடிப்பை அடக்கும் துண்டு) பார்த்துவிடுங்கள். அது கசிவது இந்த வண்டியின் தெரிந்த வியாதி, சூடான எஞ்சின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

எல்லா ஹோஸையும் ஒரே மூச்சில் பிடுங்கிப் போட்டுவிடாதீர்கள். ஒன்றை எடு, டேப் ஒட்டி எண் போடு, அதே நீளத்துக்குப் புதியதை வெட்டி மாட்டு, போட்டோ எடு, அப்புறம் அடுத்தது. பழைய ஹோஸ் சூட்டில் முறுக்கு மாதிரி இறுகியிருக்கும். இழுத்தால் ஹோஸ் வராது, சோலனாய்டின் (மின்சாரத்தில் காற்று வழியை மாற்றும் சின்ன வால்வு) பிளாஸ்டிக் மூக்குதான் முறிந்து கையோடு வரும். பிளேடால் நீளவாக்கில் கீறிப் பிரித்து உரித்து எடுங்கள். வேஸ்ட்கேட் (பூஸ்ட் அளவு மீறாமல் எக்ஸாஸ்டைத் திருப்பிவிடும் கதவு), ப்ரீகன்ட்ரோல் (இரண்டாவது டர்போவை முன்கூட்டியே சுழல வைப்பது) ஹோஸ்களுக்குள் சின்னத் துளை போட்ட பித்தளைத் துண்டு ஒன்று ஒளிந்திருக்கும். பழைய ஹோஸோடு அதையும் குப்பையில் போட்டால் பூஸ்ட் அளவே மாறிவிடும், அதனால் பழையதை அமுக்கிப் பார்த்து எடுத்து, புதியதற்குள் அதே இடத்தில் செருகுங்கள். பெட்ரோல், ஆயில் போகும் இடங்களுக்கு மட்டும் சிலிக்கான் வேண்டாம், அதற்கான ஹோஸ் தனி.

ஒருவழி வால்வை வாயால் ஊதிப் பார்க்கலாம்: ஒரு பக்கம் போக வேண்டும், மறுபக்கம் துளிகூடப் போகக் கூடாது. ஆனால் ஆறியிருக்கும்போது பிடித்து, சூட்டில் கசியும் வால்வுகளும் உண்டு, விலையும் பெரிதில்லை, நான் சோதிக்காமலே மாற்றிவிடுவேன். திசை மட்டும் கவனம். முதல் தடவை ஒன்றைத் தலைகீழாக மாட்டிவிட்டு, எல்லாவற்றையும் மூடி ஓட்டிப் பார்த்து, மறுநாள் மறுபடி முழுசாகப் பிரித்தேன். இன்னொரு கேஸ்கெட் காசு, ஒரு ஞாயிற்றுக்கிழமை போச்சு.

சோலனாய்டுகளுக்கு அவற்றின் கனெக்டரைக் கழற்றிவிட்டு 12 வோல்ட்டை ஒரு நொடி தொட வையுங்கள். 'டிக்' சத்தம் மட்டும் போதாது, ஊதும்போது காற்றின் வழியும் மாற வேண்டும். உள்ளே அழுக்கு அடைத்தது டிக் டிக் என்று அழகாகச் சத்தம் போடும், வேலை மட்டும் செய்யாது.

கடைசியாக ஆக்சுவேட்டர்கள், அதாவது ராடை இழுத்து அந்தக் கதவுகளை அசைப்பவை. வேக்கூமில் இயங்கும் பக்கத்தில் பம்பை மாட்டி சுமார் 15 இஞ்ச் (கேஜில் உள்ள பாதரச அளவு) இழுத்துவிட்டு ஒரு நிமிடம் கேஜையே பாருங்கள். முள் இறங்கினால் உள்ளே டயாஃபிரம் (ரப்பர் சவ்வு) கிழிந்திருக்கிறது. முள் நிற்கிறது, ஆனால் ராடு அசையவில்லை என்றால் கதவு எங்கோ இறுகியிருக்கிறது.

மூடிவிட்டு, பாதுகாப்பான இடத்தில், மூன்றாவது கியரில் 2500-லிருந்து முழு ஆக்ஸிலரேட்டர். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கேஜைப் படிக்கட்டும், நீங்கள் சாலையைப் பாருங்கள். 10-க்கு மேல் ஏறிக்கொண்டே போனால் உடனே காலை எடுங்கள், அதிக பூஸ்ட் இந்த வண்டியின் ரோட்டரி எஞ்சினின் அபெக்ஸ் சீலை (ரோட்டர் முனையில் இருக்கும் அடைப்புப் பட்டை) உடைத்துவிடும். கீழ் ஆர்பிஎம்மில் சரியாக இருந்து 4500-ல் விழுந்து எழவே இல்லை என்றால் டேங்க், வால்வு, டர்போ கன்ட்ரோல் சோலனாய்டு பக்கம் திரும்புங்கள். ஆரம்பத்திலிருந்தே குறைவு என்றால், கழன்ற ஹோஸ் எதுவும் இல்லாத பட்சத்தில், எக்ஸாஸ்ட் கதவு திறந்தே சிக்கியிருக்கலாம். அதற்கு டர்போவையே இறக்க வேண்டும், அது தனி வேலை.