ஒரே அஞ்சல்பெட்டியிலிருந்து பல முகவரிகளில் எழுதுவோர் செய்யும் தவறுகள்

விற்பனைக்கு ஒன்று, கணக்குப் பிரிவுக்கு ஒன்று, குறை கேட்க ஒன்று என மூன்று முகவரிகளை வைத்துக்கொண்டு, மூன்றையும் ஒரே ஜிமெயில் பெட்டியிலிருந்து கவனிப்பது சிறு நிறுவனங்களில் வழக்கமாகிவிட்டது. முகவரியைச் சேர்ப்பது ஐந்து நிமிட வேலைதான். சிக்கல் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

அடிக்கடி நடக்கும் பிழை, பதில் வேறு முகவரியிலிருந்து போய்விடுவது. கணக்குப் பிரிவுக்கு வந்த கடிதத்திற்கு உரிமையாளரின் சொந்த முகவரியிலிருந்து விடை போனால், வாடிக்கையாளர் அதன்பின் அந்த முகவரிக்கே எழுதத் தொடங்குவார். ஜிமெயில் அமைப்புகளில், கடிதம் எந்த முகவரிக்கு வந்ததோ அதிலிருந்தே பதில் போகும்படி தேர்வு செய்யலாம். ஆனால் புதிதாக எழுதும் கடிதத்திற்கு இது உதவாது. அனுப்புநர் வரியை ஒவ்வொரு முறையும் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும்.

இதைவிடப் பெரிய தவறு கண்ணுக்குத் தெரியாது. சொந்த டொமைன் (முகவரியில் @ குறிக்குப் பின் வரும் இணையப் பெயர்) முகவரியைச் சேர்க்கும்போது, அந்த டொமைனுக்குரிய எஸ்எம்டிபி சேவையகத்தின் (கடிதங்களை வெளியே அனுப்பும் கணினியின்) விவரங்களைத் தராமல், ஜிமெயிலின் சேவையகத்தையே கொடுத்துவிடும் குறுக்குவழி பரவலாகச் சொல்லித்தரப்படுகிறது. கடிதம் புறப்பட்டுவிடும் என்பது உண்மைதான். ஆனால் அனுப்புநர் வரியில் உங்கள் டொமைனும், எஸ்பிஎஃப் (டொமைனின் பெயரில் எந்தச் சேவையகங்கள் அனுப்பலாம் என்ற பட்டியல்), டிகேஐஎம் (கடிதத்தில் இடப்படும் மின் கையொப்பம்) சோதனைகளில் ஜிமெயில் டொமைனும் இருப்பதால், இரண்டும் பொருந்த வேண்டும் என்று கேட்கும் டிமார்க் சோதனையில் கடிதம் தோற்கிறது; தோற்ற கடிதத்தை என்ன செய்வது என்று சொல்லும் உங்கள் டொமைனின் டிமார்க் பதிவு நிராகரிக்கச் சொன்னால், பெறுநரின் பெட்டியை அது எட்டாமலேயே போகலாம். 2024 பிப்ரவரி முதல், ஜிமெயில் பயனர்களுக்கு நாளொன்றுக்கு 5,000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோரிடம் இம்மூன்றையும், மற்ற அனைவரிடமும் எஸ்பிஎஃப் அல்லது டிகேஐஎம் ஒன்றையாவது கூகுள் கேட்கிறது.

அவசரத்தில் இதைச் சரிசெய்ய முனைவோர், பழைய எஸ்பிஎஃப் பதிவின் பக்கத்திலேயே இன்னொன்றைச் சேர்த்துவிடுகிறார்கள். ஒரு டொமைனுக்கு ஒரே எஸ்பிஎஃப் பதிவுதான் இருக்கலாம். இரண்டு இருந்தால் சோதனை பிழையாகவே முடியும். எல்லாச் சேவைகளையும் ஒரே வரியில் சேர்க்க வேண்டும். அதிலும், அந்த வரியைச் சோதிக்கத் தேவைப்படும் டிஎன்எஸ் (டொமைன் விவரங்களைத் தரும் இணையப் பதிவேடு) தேடல்கள் 10-ஐத் தாண்டக்கூடாது.

முகவரியை மாற்றினால் அடையாளம் மறையும் என்ற நம்பிக்கையும் வேண்டாம். கடிதத்தின் தலைப்புத் தகவல்களில் மூல முகவரி தெரிய வாய்ப்புண்டு. பெட்டியைப் பலர் பார்ப்பதற்காகக் கடவுச்சொல்லைப் பகிர்வதும் தேவையற்றது. பிறருக்கு அணுகல் வழங்கும் வசதி ஜிமெயிலிலேயே இருக்கிறது.

எல்லாவற்றையும் அமைத்த பிறகு, ஒவ்வொரு முகவரியிலிருந்தும் வேறொரு ஜிமெயில் கணக்குக்கு ஒரு கடிதம் அனுப்பி, அங்கே 'அசலைக் காட்டு' என்பதைத் திறந்து, மூன்று சோதனைகளின் முடிவையும் பார்த்துவிட்டு வாடிக்கையாளருக்கு எழுதத் தொடங்குங்கள்.