செம்பனை லோரிக்கு எஞ்சின் எண்ணெய்: எதை ஊற்றுவது, எப்போது மாற்றுவது

மலேசியாவின் பகாவ் வட்டாரத் தோட்டங்களில் செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் உழைப்பு நெடுஞ்சாலை லோரியின் உழைப்பிலிருந்து வேறுபட்டது. நிறைந்த பாரத்தோடு செம்மண் மேட்டில் இரண்டாம் கியரில் ஊர்ந்து ஏறி, ஆலையை அடைந்ததும் எடை மேடைக்கான வரிசையில் எஞ்சினை அணைக்காமலே மணிக்கணக்கில் காத்து நிற்கிறது. அந்நேரத்தில் மீட்டரில் ஒரு கிலோமீட்டரும் ஏறுவதில்லை; ஆனால் எண்ணெயில் கரி சேர்ந்துகொண்டே இருக்கிறது. ஆகவே கிலோமீட்டரை மட்டும் நம்பி எண்ணெய் மாற்றக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து.

முதலில் எண்ணெயைத் தேர்ந்தெடுப்போம். டப்பாவில் 15டபிள்யூ-40 என்று இருந்தால், பின்னுள்ள 40 என்பது 100 பாகை செல்சியஸில் எண்ணெய் காக்கும் தடிப்பைக் குறிக்கும். முன்னுள்ள எண் குளிரில் எஞ்சினைத் துவக்குவதற்கானது. எனவே லோரியின் கையேடு கேட்டாலொழிய, நம் நாட்டு வெப்பத்தில் குளிருக்காகவே கூடுதல் விலை கொடுத்து 5டபிள்யூ வாங்க வேண்டியதில்லை.

அதைவிட முக்கியமானது டப்பாவில் உள்ள ஏபிஐ தரம், அதாவது அமெரிக்கப் பெட்ரோலிய நிறுவனம் வகுத்த எண்ணெய்த் தரம். டீசலுக்குரிய தரங்கள் ‘சி’ எழுத்தில் தொடங்கும். ‘எஸ்’ தரம் மட்டுமே உள்ள பெட்ரோல் கார் எண்ணெயை லோரிக்கு ஊற்றக் கூடாது. புகைக்குழாயில் கரி வடிகட்டி இல்லாத பழைய லோரிக்கு, 2002-இல் வந்த சிஐ-4 பெரும்பாலும் போதும். கரி வடிகட்டி உள்ள புதிய லோரிக்கு, எரியும்போது குறைந்த சாம்பலே விடும் எண்ணெய் தேவை. இல்லையேல் அச்சாம்பல் வடிகட்டியை அடைத்துவிடும். 2016 இறுதியில் வந்த சிகே-4 அதற்கேற்றது. அதே சமயத்தில் வந்த எஃப்ஏ-4 மெல்லிய எண்ணெயாதலால், கையேட்டில் பெயர் குறிப்பிட்டிருந்தால் மட்டுமே அதைப் பயன்படுத்தலாம்.

இனி மாற்றும் காலம். கையேட்டில் சாதாரண ஓட்டத்துக்கு ஒன்று, கடும் உழைப்புக்கு ஒன்று என இரண்டு அளவுகள் இருந்தால், தோட்ட லோரிக்குரியது இரண்டாவதுதான். கடும் உழைப்புக்கான அளவு தரப்படாவிட்டால் ஒரு கணக்குப் போடலாம்: நின்றபடி ஓடும் ஒரு மணி நேரத்தை ஏறக்குறைய 40 முதல் 50 கிலோமீட்டர் ஓட்டமாகக் கொள்ள வேண்டும். நாளொன்றுக்கு 120 கிலோமீட்டர் ஓடி, ஆலையில் மூன்று மணி நேரம் நிற்கும் லோரியின் உண்மையான ஓட்டம் 240 கிலோமீட்டருக்குக் குறையாது. அப்படியானால் 10,000 கிலோமீட்டருக்கான எண்ணெயை மீட்டர் 5,000 காட்டும்போதே மாற்றிவிட வேண்டும். நான் பல ஆண்டுகள் மீட்டரை மட்டுமே பார்த்து, கடைசியில் டர்போ பேரிங் தேய்ந்து லோரி இரண்டு வாரம் பட்டறையில் கிடந்த பிறகே இக்கணக்கைக் கற்றேன். எஞ்சின் ஓடிய நேரத்தைக் காட்டும் மணி மீட்டர் இல்லாதவர்கள் ஆலையில் நின்ற நேரத்தை ஒரு நோட்டில் எழுதி வந்தால் போதும்.

எண்ணெய் கறுத்துவிட்டதே என்று அஞ்ச வேண்டாம். கரியைத் தன்னுள் தாங்கிக்கொள்வதே டீசல் எண்ணெயின் வேலை. அஞ்ச வேண்டியவை வேறு. எண்ணெய் அளவு பார்க்கும் குச்சியான டிப்ஸ்டிக்கில் அளவு உயர்ந்தால் டீசல் கலந்திருக்கிறது. நம் டீசலில் செம்பனை எண்ணெயிலிருந்து செய்த பயோடீசலும் சேர்ந்திருக்கிறது. நாம் ஏற்றிச் சென்ற குலையே எரிபொருளாகத் திரும்பி வருகிறது எனலாம். எரியாமல் எஞ்சின் எண்ணெய்க்குள் இறங்கும் பயோடீசல் எளிதில் ஆவியாகாமல் எண்ணெயிலேயே தங்கி அதை நீர்க்கச் செய்யும் என்பதால், வாரம் ஒரு முறையாவது சமதளத்தில், எஞ்சினை அணைத்துப் பத்து நிமிடம் கழித்து அளவைப் பார்க்க வேண்டும். எண்ணெய் பால் கலந்த காப்பி நிறமானால் தண்ணீர் கலந்திருக்கிறது. லோரியை நகர்த்தவே கூடாது.

மாற்றும்போது எஞ்சினைச் சூடாக்கி எண்ணெயை முழுதும் வடியவிட்டு, எண்ணெய் வடிகட்டியையும் கூடவே மாற்றுங்கள். செம்மண் தூசி எஞ்சினுக்குள் புகுந்தால் எந்த எண்ணெயாலும் காப்பாற்ற முடியாதாகையால், காற்று வடிகட்டியையும் அன்றே பாருங்கள். வடித்த எண்ணெய் நம் சட்டப்படி எஸ்டபிள்யூ 305 என்னும் குறியீடுள்ள அட்டவணைக் கழிவு, அதாவது சட்டம் பட்டியலிட்டுள்ள ஆபத்தான கழிவு. அதைத் தோட்டத்துக் கால்வாயில் ஊற்றாமல், மூடியுள்ள டிரம்மில் சேர்த்து உரிமம் பெற்ற சேகரிப்பாளரிடம் கொடுக்க வேண்டும்.