சுடிதாரில் வரும் சிஸ்டரை எப்படி வரவேற்பது?

எங்கள் கத்தோலிக்கப் பங்கு திண்டுக்கல் பக்கம். 11 வருடமாக அன்பியக் கூட்டம், அதாவது அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் சேர்ந்து ஜெபிக்கும் கூட்டம், நடத்துகிறேன். ஒருமுறை எங்கள் வீட்டுக் கூட்டத்துக்குப் பருத்திச் சுடிதாரும் கழுத்தில் சின்ன மரச்சிலுவையுமாக ஒருவர் வந்து உட்கார்ந்தார். "உங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று பேச்சுக் கொடுத்தேன். "நான் சிஸ்டர்ங்க" என்றார், அதாவது துறவற சபையில் இருக்கும் கன்னியாஸ்திரி. அதோடு நிறுத்தாமல், "சபையை விட்டு வந்துட்டீங்களா?" என்றும் கேட்டுவிட்டேன். அவர் முகம் சட்டென்று வாடியது. துறவிகள் கடவுளுக்குக் கொடுக்கும் வாக்கான வார்த்தைப்பாடு கொடுத்து 26 வருடம் ஆனவர் அவர். அன்று நான் செய்த தவறை இன்னொருவர் செய்யக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முதலில், கூப்பிடும் முறை. உடுப்பு, அதாவது சபைக்கென்று உள்ள துறவற உடை, இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர் சிஸ்டர்தான். மேடம், டீச்சர் என்று மாற்ற வேண்டாம். கோயிலில் பெயர் வாசிக்கும்போது 'அருட்சகோதரி' என்றே வாசியுங்கள். திருவிழா மேடையில் வெள்ளை உடுப்புக்காரருக்கு முன்வரிசை, சாதாரணச் சேலைக்காரருக்குப் பின்வரிசை என்று நடந்ததை நானே பார்த்திருக்கிறேன். நாற்காலி போடுபவரிடம் முந்தின நாளே சொல்லிவிடுங்கள்.

அப்புறம், கேள்வி. எந்தச் சபை, என்ன வேலை, மடத்தில் எத்தனை பேர் என்று கேளுங்கள். உடுப்பைப் பற்றிக் கேட்க ஆசையாக இருந்தால் நன்றாகப் பழகிய பிறகு கேட்கலாம். அப்போதும் "ஏன் போடுறதில்லை?" என்று வேண்டாம், அதில் குற்றம் சாட்டும் தொனி வந்துவிடும். "உங்க சபையில உடுப்பு எப்படி சிஸ்டர்?" என்று கேட்டால் அவரே விரிவாகச் சொல்வார். எங்கள் வீட்டுக்கு வந்தவர் நூல்மில் விடுதிப் பெண்பிள்ளைகளோடு வேலை செய்கிறவர். அந்தப் பிள்ளைகள் போடும் உடையிலேயே போனால்தான் பக்கத்தில் உட்கார்ந்து மனசுவிட்டுப் பேசுகிறார்கள் என்றார்.

கஷ்டமானது வீட்டுப் பெரியவர்களிடம் பேசுவதுதான். என் அத்தைக்கு 78 வயது. "உடுப்பில்லாம வந்தா சிஸ்டர்னே மனசுல ஒட்டமாட்டேங்குது" என்பார். அவர் வாயை அடைக்க நினைக்காதீர்கள். அத்தையின் முதல் பிரசவத்தில் இரண்டு ராத்திரி கூடவே இருந்தவர் வெள்ளை உடுப்பு சிஸ்டர் ஒருவர். அந்த நன்றிதான் அப்படிப் பேசவைக்கிறது. அதை முதலில் முழுசாகக் கேளுங்கள்.

பிறகு அன்னை தெரசாவிலிருந்து தொடங்குங்கள். 1948இல் அவர் லொரேட்டோ சபை உடுப்பை விட்டு, கல்கத்தா ஏழைப் பெண்கள் கட்டும் மலிவான வெள்ளைச் சேலைக்கு மாறினார். நீலக்கரை போட்ட அந்தச் சேலையைத்தான் இன்று நாம் புனித உடையாகப் பார்க்கிறோம். வின்சென்ட் தே பால் 1633இல் லூயிஸ் தெ மரியாக்குடன் தொடங்கிய சபையின் கதையும் அப்படித்தான். சிறகு விரித்தது போன்ற அவர்களுடைய பெரிய வெள்ளைத் தலைத்துணி, பிரான்ஸ் கிராமத்துப் பெண்களின் வழக்கத்திலிருந்து வந்தது. 1964இல் அதையும் விட்டுவிட்டார்கள். 1790இல், பிரெஞ்சுப் புரட்சிக் காலத்தில் தொடங்கிய 'மரியாளின் இதயப் புதல்வியர்' சபைக்கோ ஆரம்பத்திலிருந்தே தனி உடுப்பு கிடையாது. மும்பையில் நிர்மலா நிகேதன் சமூகப்பணிக் கல்லூரியைத் தொடங்கியவர்கள் அவர்கள்தான்.

"சட்டம் என்ன சொல்லுது?" என்று யாராவது கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். 1965இல் உலக ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கம், துறவற உடை எளிமையாகவும் உடல்நலத்துக்கும் காலத்துக்கும் இடத்துக்கும் செய்யும் பணிக்கும் பொருத்தமாகவும் இருக்கட்டும் என்றது. 1983ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 669ஆம் எண், துறவியர் தங்கள் சபையின் உடையை அணிய வேண்டும் என்கிறது. அந்த உடை எப்படி இருக்க வேண்டும் என்பது ஒவ்வொரு சபையின் சொந்தச் சட்டத்தில் இருக்கும். அதனால் ஒரு சபையின் வழக்கத்தை வைத்து இன்னொரு சபையை எடைபோட முடியாது. வார்த்தைப்பாடு கற்பு, ஏழ்மை, கீழ்ப்படிதல் மூன்றுக்கும்தான். துணிக்கு இல்லை.

மறைக்கல்விப் பிள்ளைகளுக்கு நான் சிஸ்டர் டாரத்தி ஸ்டாங் கதையைச் சொல்வேன். பிரேசில் காட்டில் ஏழை விவசாயிகளின் நிலத்துக்காக நின்றவர். சாதாரண உடையில்தான் நடமாடினார். 2005 பிப்ரவரி 12 அன்று, 73 வயதில், அனாப்பு என்ற ஊர்ப் பக்கம் மண்பாதையில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அப்போது அவர் கையில் இருந்தது பைபிள். இதைக் கேட்ட எந்தப் பிள்ளையும் அவர் ஏன் உடுப்பு போடவில்லை என்று இதுவரை கேட்டதில்லை.

சிஸ்டர் என்று சொல்லி யாராவது நன்கொடை கேட்டு வந்தால், சபையின் பெயரும் மடத்தின் முகவரியும் கேட்டு, பங்குச்சாமியாரிடம் விசாரித்துவிட்டுக் கொடுங்கள். வெள்ளை உடுப்பில் வந்தாலும் இதே விசாரணைதான். உடுப்பு யாருக்கும் தைக்கக் கிடைக்கும். அதே நேரம், உடுப்பு போடும் சிஸ்டர்களைப் பழமைவாதிகள் என்று சிலர் பேசுவதும் எனக்கு உடன்பாடில்லை. வெயிலிலும் அதைப் போட்டுக்கொண்டு உழைக்கிறவர்கள் அவர்கள்.

நான் அந்த சிஸ்டரின் மடத்துக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். போன மாதக் கூட்டத்துக்கு அவர் மறுபடி வந்தார். அத்தை கொஞ்ச நேரம் அவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தன் பக்கத்து நாற்காலியைத் தட்டி, "இங்க வந்து உட்காருங்க சிஸ்டர். அந்த மில்லுப் பிள்ளைங்க நேரத்துக்குச் சாப்பிடுதுங்களா?" என்று கேட்டார்.