வாசித்த நாவலைப் பற்றிக் கதைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெள்ளவத்தையில் ஒரு வீட்டு முன்னறையில் எட்டுப் பேர் கூடி ஒரு நாவலைப் பற்றிக் கதைக்கிறார்கள் என்று வையுங்கள். முதலில் பேசுபவர் இருபது நிமிடம் கதையைச் சொல்லிவிட்டு, "மொத்தத்தில் அருமையான நாவல்" என்று முடித்தால் கூட்டம் அங்கேயே படுத்துவிடும். வாசித்தவர்களுக்குப் புதிதாக எதுவும் கிடைக்காது. வாசிக்காதவர்களுக்கு முடிச்சு அவிழ்ந்துவிட்டதால் வாங்கி வாசிக்கும் ஆவலும் போய்விடும்.

கதையைச் சொல்லத்தான் வேண்டும், ஆனால் அளவோடு. முதல் கால்வாசிக்குள் நடப்பதை மட்டும் சொல்வது நல்ல கணக்கு. 400 பக்க நாவலென்றால் முதல் 100 பக்கம். துப்பறியும் நாவலுக்கு அதுவும் அதிகம், 40 பக்கத்தோடு நிறுத்துங்கள். எந்த ஊர், எந்தக் காலம், யார், அவருக்கு என்ன சிக்கல் என்ற நான்கையும் மூன்று நான்கு வசனங்களில் அடக்கலாம். முடிவைப் பற்றிக் கட்டாயம் பேச வேண்டுமென்றால் அதைக் கடைசிக்கு வைத்து, "முடிவைச் சொல்லலாமா?" என்று முதலில் கேளுங்கள். வட்ஸ்அப்பில் எழுதுகிறீர்களென்றால் முடிவு பற்றிய பகுதியை முதல் செய்தியோடு சேர்க்காமல் தனிச் செய்தியாக, எச்சரிக்கையோடு போடுங்கள்.

அடுத்தது, அடைமொழிகளோடு நின்றுவிடுவது. "விறுவிறுப்பு", "தொய்வு", "மனதைத் தொட்டது" ஆகியவை எந்த நாவலுக்கும் பொருந்தும் சொற்கள். "நடுவில் கொஞ்சம் தொய்வு" என்பதை எடுத்துக்கொள்ளுங்கள். புத்தகத்தைத் திறந்து தொய்வு எங்கே தொடங்கியது என்று தேடினால் இப்படிச் சொல்ல வரும்: "120ஆம் பக்கத்திலிருந்து 60 பக்கத்துக்குக் கதை கடிதங்களாகவே போகிறது. தாயும் மகளும் எழுதுகிறார்கள், ஆனால் இரண்டு பேரின் தமிழும் ஒன்றுதான். கையொப்பத்தைப் பார்த்துத்தான் யார் எழுதியது என்று தெரிகிறது." இப்போது கேட்பவருக்குப் பிடி கிடைத்துவிட்டது. "இல்லை, தாயின் கடிதத்தில் பழமொழிகள் வருகின்றனவே" என்று மறுத்துப் பேசலாம். "தொய்வு" என்ற வெறும் சொல்லை யாராலும் மறுக்கவும் முடியாது, ஏற்கவும் முடியாது.

இதற்குக் குறிப்பு வேண்டும். வாசிக்கும்போதே ஒரு துண்டுக் கடதாசியை உள்ளே வைத்து, பக்க எண்ணோடு நாலைந்து சொல் எழுதிக்கொள்ளுங்கள். ஒரு நாவலுக்குப் பத்துக் குறிப்பு தாராளம். கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலோ வேறு நூலகத்திலோ எடுத்த பிரதியில் பென்சிலால் கோடு போடாதீர்கள். அடுத்த வாசகர் உங்கள் கண்ணால் வாசிக்க வேண்டிவரும். முடித்த இரவே தீர்ப்புச் சொல்வதும் பிழை, ஏனென்றால் கடைசி அத்தியாயத்தின் வேகம் முழு நாவலையும் மூடிவிடும். ஒரு நாள் விடுங்கள், ஆனால் ஒரு கிழமைக்கு மேல் தள்ளிப்போட வேண்டாம்.

பக்க எண் எல்லா நேரமும் உதவாது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாட்டுடைமையாக்கப்பட்டது, பல பதிப்பகங்கள் போட்டிருக்கின்றன. உங்கள் 212ஆம் பக்கம் இன்னொருவர் கையில் வேறு இடம். பாகத்தையும் அத்தியாயத்தையும் சொல்லுங்கள். ஆங்கில நாவலிலும் பதிப்பு முக்கியம். 2022இல் புக்கர் பரிசு பெற்ற ஷெஹான் கருணாதிலகவின் நாவல், 2020இல் 'சாட்ஸ் வித் த டெட்' என்ற பெயரில் இந்தியாவில் வெளிவந்து, பிறகு நிறையத் திருத்தப்பட்டு 'த செவன் மூன்ஸ் ஒஃப் மாலி அல்மேதா' ஆனது. இரண்டு பேர் ஆளுக்கொரு பதிப்பை வாசித்துவிட்டு ஒரே நாவலைப் பற்றிக் கதைப்பதாக நினைத்தால் வாதம் எங்கேயும் போய்ச் சேராது. மொழிபெயர்ப்பென்றால் மொழிபெயர்த்தவர் பெயரையும் சொல்லுங்கள். நடை உறுத்தினால் அது மூலத்தின் நடையா, அவருடையதா என்று மூலத்தைப் பார்க்காமல் தீர்ப்பளிக்க முடியாது.

'பொன்னியின் செல்வன்' 2022, 2023 ஆண்டுகளில் இரண்டு படங்களாக வந்தபிறகு இன்னொரு குழப்பம் சேர்ந்திருக்கிறது. படத்தில் பார்த்ததை நாவலில் வாசித்ததாகச் சொல்கிறார்கள். நாவலில் உள்ளதை வரலாறு என்கிறார்கள். சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொலையுண்டதும், ரவிதாசன் முதலான துரோகிகளின் பெயர்கள் உடையார்குடிக் கல்வெட்டில் இருப்பதும் வரலாறு. நாவலில் வரும் நந்தினி கல்கியின் கற்பனை. "அத்தியாயத்துக்கு அத்தியாயம் திடுக்கிட வைத்து நிறுத்துகிறார், அலுக்கிறது" என்ற குறையைச் சொல்லும்போதும், அது 1950 முதல் 1954 வரை கிழமைக்குக் கிழமை பத்திரிகையில் வந்த தொடர் என்பதைச் சேர்த்துச் சொல்லுங்கள். ஏழு நாள் காத்திருந்த வாசகருக்கு அந்தக் கொக்கி தேவைப்பட்டது.

போர்க்கால நாவல்களைப் பற்றிக் கதைக்கும்போதுதான் மிகக் கவனமாக இருக்க வேண்டும். நாவலில் "நான்" என்று பேசுகிறவரை எழுத்தாளராகவே எடுத்து, பாத்திரத்தின் வாயில் வந்த ஒரு வசனத்துக்காக எழுதியவருக்குத் துரோகிப் பட்டமோ தியாகிப் பட்டமோ கொடுத்துவிடுகிறார்கள். அதன்பிறகு நாவல் மேசையிலிருந்து மறைந்து அரசியல் சண்டைதான் மிஞ்சுகிறது. அந்த வசனத்தைச் சொன்னது யார், எந்த நிலையில், நாவலில் வேறு யாராவது அதை மறுக்கிறார்களா என்ற மூன்றையும் பார்த்துவிட்டுப் பேசுங்கள்.

"அப்படி நடக்கவே இல்லை" என்று சொல்வதற்கு முன்னும் ஒன்றைப் பிரித்துப் பாருங்கள். ஒரு பாத்திரம் 2005இல் கொழும்புக் கோட்டையில் யாழ்தேவி ரயில் ஏறி யாழ்ப்பாணத்தில் இறங்கினால் அது தகவல் பிழை. 1990இல் நின்ற ரயில் 2014 ஒக்டோபரில்தான் மறுபடி யாழ்ப்பாணம் போனது. 2005இல் வவுனியாவோடு சரி. இதைத் தயங்காமல் சொல்லலாம். ஆனால் அந்தப் பாத்திரம் அந்த நாட்களை உங்கள் குடும்பம் நினைவில் வைத்திருப்பதுபோல நினைவு வைத்திருக்கவில்லை என்பது பிழையாகாது. அங்கே "எங்கள் பக்கத்தில் இது வேறுமாதிரி" என்று சொல்வதே நேர்மை. உங்கள் அருகில் இருப்பவரும் எதையோ இழந்தவராக இருக்கலாம்.

பேச்சுத்தமிழையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். "வெளிக்கிட்டிட்டன்" (புறப்பட்டுவிட்டேன்) என்ற சொல் தமிழ்நாட்டு வாசகருக்குத் தடையாக இருக்கலாம், அது நாவலின் குறை ஆகாது. உண்மையான குறை வேறு. தேயிலைத் தோட்டத்து லயத்தில் (வரிசை வீட்டில்) பிறந்து வளர்ந்து, பிரட்டுக்கு (காலைப் பெயர்ப்பதிவுக்கு) போய்க் கொழுந்தெடுக்கும் ஒரு பெண் யாழ்ப்பாணத்தாரைப்போலக் கதைத்தால், மட்டக்களப்புக்காரர் வாயில் ஓரிடத்திலாவது "மறுகா" (பிறகு) வராவிட்டால், எழுதியவர் செவிமடுக்கவில்லை என்று பொருள். கொழும்பில் ஒரே மேசையில் வடக்கு, கிழக்கு, மலையகம், முஸ்லிம் வீட்டுத் தமிழ் எல்லாம் பேசுகிறவர்கள் உட்காருவார்கள். அந்தந்தப் பாத்திரத்தின் உரையாடலை அந்த ஊர்க்காரரிடம் கொடுத்து அரைப் பக்கம் உரக்க வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே நாக்கு தடுக்குகிறதோ அந்த வரியைக் குறித்துக்கொள்ளலாம்.

முடிக்காத நாவலைப் பற்றிப் பேசக்கூடாது என்றில்லை, மறைக்கத்தான் கூடாது. "320 பக்கத்தில் 90ஓடு நிறுத்திவிட்டேன், அதுவரைக்கும் பதினான்கு பாத்திரங்கள் வந்துவிட்டன, யார் யாருக்கு என்ன உறவு என்று பிடிபடவில்லை" என்று சொன்னால் போதும். முழுதும் வாசித்த ஒருவர், 110ஆம் பக்கத்தில் ஒரு கலியாண வீடு வருகிறது, அங்கே எல்லா உறவும் விளங்கிவிடும் என்பார். அன்றிரவே புத்தகத்தை மறுபடி கையில் எடுப்பீர்கள்.