சி.இ.டி. கணிதத் தாளில் இயற்கணிதம்: கேட்டதை மட்டும் கண்டுபிடியுங்கள்

கர்நாடகப் பொது நுழைவுத் தேர்வான சி.இ.டி.யின் கணிதத் தாளில் 60 வினாக்களுக்கு 80 நிமிடங்கள், அதாவது வினாவுக்கு 80 விநாடிகள். படிகளுக்கும் மதிப்பெண் தரும் பி.யூ.சி. (பதினொன்றாம், பன்னிரண்டாம் வகுப்பு) தேர்வுக்காக ஒவ்வொரு வரியையும் எழுதிப் பழகிய கை, சரியான விடைக்குரிய வட்டத்தைக் கருமையாக்கினாலே போதும் என்கிற இத்தேர்விலும் அதே நிதானத்தில்தான் நகர்கிறது. பெங்களூரு அல்சூரில் மாலையில் என்னிடம் படிக்க வரும் பிள்ளைகளிடம் நான் முதலில் மாற்றச் சொல்வது இந்தப் பழக்கத்தைத்தான்.

வினாவின் கடைசி வரியை முதலில் படியுங்கள். எக்ஸ் வர்க்கம் − 5 எக்ஸ் + 3 = 0 என்ற சமன்பாட்டைத் தந்து அதன் மூலங்களுடைய கனங்களின் கூடுதலைக் கேட்டால், மூலங்களைத் தனித்தனியே கண்டறியவே வேண்டாம்; சூத்திரத்தில் இட்டால் √13 வந்து நிற்கும், அதைக் கனப்படுத்துவதற்குள் இரண்டு வினாக்களுக்கான நேரம் போய்விடும். மூலங்களின் கூடுதல் 5, பெருக்கற்பலன் 3 என்பது சமன்பாட்டைப் பார்த்தவுடனே தெரிகிறது. கூடுதலின் கனமாகிய 125இலிருந்து, இவ்விரண்டின் பெருக்கலுடைய மும்மடங்காகிய 45ஐக் கழித்தால் விடை 80.

அடுத்து, தரப்பட்டுள்ள நான்கு விடைகளையும் கருவியாகப் பயன்படுத்துங்கள். √(எக்ஸ் + 7) = எக்ஸ் − 5 என்பதை இருபுறமும் வர்க்கப்படுத்தினால் 9, 2 என இரு மதிப்புகள் கிடைக்கும்; ஆனால் 2ஐ இட்டால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் −3. ஆகவே 9 மட்டுமே தீர்வு. '2, 9' என்ற விடையும் பட்டியலில் காத்திருக்கும் என்பதால், வர்க்கப்படுத்திய கணக்கில் மதிப்பை முதலில் தந்த சமன்பாட்டில் இட்டுப் பார்க்காமல் வட்டத்தைத் தொடாதீர்கள்.

கணக்குத் தெரிந்தும் மதிப்பெண் போவது பெரும்பாலும் குறியில்தான். −3(எக்ஸ் − 4) என்பதை விரிக்கும்போது +12 வரவேண்டிய இடத்தில் −12 எழுதாத மாணவரை நான் அரிதாகவே கண்டிருக்கிறேன். வீட்டில் தமிழும் வகுப்பில் ஆங்கிலமுமாக வளரும் நம் பிள்ளைகள், 'மைனஸும் மைனஸும் பிளஸ்' என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டே விரிப்பது நல்லது. கண் தவறவிடுவதைக் காது பிடித்துவிடுகிறது.

தவறான விடைக்கு இத்தேர்வில் மதிப்பெண் குறைப்பதில்லை என்பதால், கடைசி மூன்று நிமிடங்களை ஒதுக்கி, விடுபட்ட வட்டங்கள் அனைத்தையும் நிரப்பிவிடுங்கள்.