ஏர்போர்ட் செக்கிங்: கறாரான விதிக்கே தயாராகுங்கள்

ஒரு ஏர்போர்ட்டில் லேப்டாப்பை வெளியே எடு என்கிறார்கள். அடுத்ததில் எடுத்து வைத்தால், "பையிலேயே இருக்கட்டும்" என்று அதட்டல். பையை எல்லாப் பக்கமும் படம் பிடிக்கும் புது சிடி (CT) ஸ்கேனர் உள்ள இடங்களில் எடுக்க வேண்டாம், பழைய எக்ஸ்ரே மெஷின் என்றால் எடுக்க வேண்டும். காரணம் பெரும்பாலும் இதுதான். ஆனால் அதை யாரும் சொல்வதில்லை, திட்டு மட்டும் நமக்கு!

அதனால் லேப்டாப், சார்ஜர், பவர் பேங்க் எல்லாவற்றையும் பையின் மேலாக ஒரே ஜிப் பவுச்சில் வையுங்கள். கேட்டால் ஒரே இழுப்பில் வந்துவிடும். பவர் பேங்கை செக்-இன் பெட்டியில் மட்டும் போடவே போடாதீர்கள்.

வெளிநாட்டுப் பயணத்தில் கைப்பையில் கொண்டுபோகும் திரவம் 100 மில்லிக்கு மேல் கூடாது என்ற விதி பல ஏர்போர்ட்டுகளில் உண்டு. அது பாட்டிலின் அளவுக்குத்தான், உள்ளே இருப்பதற்கு இல்லை. அம்மாவின் மூட்டுவலித் தைலம் 200 மில்லி பாட்டிலில் அடியில் கொஞ்சம்தான் இருந்தது. அப்படியே குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்கள். பாவம், வழியெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு வந்தார். சின்ன பாட்டிலில் ஊற்றிக் கொடுத்திருக்கலாம்.

அப்புறம், நடுவில் விமானம் மாறுகிறீர்களா? அங்கேயும் மறுபடி செக்கிங் இருக்கலாம். டியூட்டி ஃப்ரீ கடையில் சீல் வைத்துத் தந்த பையை ஊர் போய்ச் சேரும்வரை பிரிக்காதீர்கள், பில்லையும் தொலைக்காதீர்கள்.