விண்டோஸ் 10-க்கு மாற்றியபின் பழைய மடிக்கணினியின் திரை தடுமாறினால் என்ன செய்வது?

உசிலம்பட்டிப் பக்கத்துக் காதணி விழாக்களிலும் திருமணங்களிலும் மொய் எழுதும் இடத்தில் நோட்டுப் புத்தகத்தோடு கணினியும் வந்து உட்கார்ந்துவிட்டது. என் சித்தப்பா அந்தப் பணியைச் செய்கிறார். அவருடைய மடிக்கணினி 2011-இல் வாங்கியது. இரண்டாம் தலைமுறை இன்டெல் ஐ3 செயலி (பிராசசர்), 4 ஜிபி ரேம், விண்டோஸ் 7. மொய் ரசீது அச்சிடும் மென்பொருளின் புதிய பதிப்புக்காக அதை விண்டோஸ் 10-க்கு மாற்றினார். அன்றிலிருந்து பெயரைத் தட்டினால் எழுத்து சற்றுக் கழித்தே திரையில் வந்தது. சாளரத்தை நகர்த்தினால் அதன் நிழல் இழுபட்டது. திரை வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கவும் முடியவில்லை. மொய் செய்ய வந்தவர்கள் வரிசையில் காத்து நிற்கும்போது இது எவ்வளவு சங்கடம் என்பதை அருகில் இருந்து பார்த்தேன். பழுது பார்ப்பவர் ஒருவர் புதிய கணினி வாங்கச் சொல்லிவிட்டார். அதற்குத் தேவையே இருக்கவில்லை. 2011-இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்த பழைய கணினிகளை வைத்திருப்பவர்களுக்கும் இந்தச் செய்முறை உதவும்.

தொடங்கும் முன்

முக்கியமான கோப்புகளை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து வையுங்கள். மாற்றம் செய்து 10 நாள்களுக்குள் இருந்தால், செட்டிங்ஸில் ரெக்கவரி பகுதிக்குச் சென்று பழைய விண்டோஸுக்கே திரும்பும் வழியும் உண்டு.

அடுத்து, தடுமாற்றம் உண்மையிலேயே திரை சார்ந்ததுதானா என்று பாருங்கள். கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் டிஸ்க் என்ற பத்தி நெடுநேரம் 100 விழுக்காட்டிலேயே நின்றால், கோளாறு ஹார்ட் டிஸ்க்கின் வேகத்தில் இருக்கிறது. கிராபிக்ஸைத் தொட வேண்டாம். புதிதாக மாற்றிய விண்டோஸ் கோப்புகளை அட்டவணைப்படுத்தியும் புதுப்பிப்புகளை இறக்கியும் கொண்டிருக்கும் என்பதால், மின்னிணைப்பில் வைத்து ஒரு நாள் ஓடவிட்டுப் பிறகு மீண்டும் பாருங்கள். டிஸ்க் அமைதியாக இருந்து, சாளரத்தை நகர்த்தும்போதெல்லாம் சிபியு (செயலி) மட்டும் எகிறினால் கீழே உள்ளவற்றைத் தொடருங்கள்.

திரையை வரைவது யார்?

ஸ்டார்ட் பொத்தானின் மீது வலது சொடுக்குச் செய்து டிவைஸ் மேனேஜரைத் திறந்து, டிஸ்ப்ளே அடாப்டர்ஸ் என்பதை விரியுங்கள். அங்கே இன்டெல், என்விடியா, ஏஎம்டி போன்ற பெயர் இருக்க வேண்டும். சித்தப்பாவின் கணினியில் 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்று இருந்தது. திரையை வரையும் கிராபிக்ஸ் சில்லுக்கு ஏற்ற டிரைவர் (சில்லை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள்) கிடைக்காதபோது, திரை இருண்டுவிடாமல் இருக்க விண்டோஸ் தானாகப் போட்டுக்கொள்ளும் பொதுவான டிரைவர் இது. இதனால் படம் தெரியும். ஆனால் கிராபிக்ஸ் சில்லு சும்மா இருக்க, ஒவ்வொரு சாளரத்தையும் ஒவ்வொரு எழுத்தையும் வரையும் சுமை முழுவதும் செயலியின் தலையில் விழுகிறது. மடிக்கணினியில் வெளிச்சத்தை மாற்ற முடியாமல் போவதும், திரை அளவு 1024 x 768 போன்ற ஒன்றிலேயே நின்றுவிடுவதும் இதன் அறிகுறிகள்.

சரியான டிரைவரைக் கொண்டுவருதல்

முதலில் எளிய வழி. செட்டிங்ஸில் அப்டேட் அண்ட் செக்யூரிட்டி, அதனுள் விண்டோஸ் அப்டேட், அதனுள் 'வியூ ஆப்ஷனல் அப்டேட்ஸ்' என்று செல்லுங்கள். டிரைவர் அப்டேட்ஸ் என்ற தலைப்பின்கீழ் டிஸ்ப்ளே என்ற சொல்லோடு ஏதேனும் இருந்தால் தேர்ந்தெடுத்து நிறுவி, கணினியை மறுபடி தொடங்குங்கள். இரண்டாம் தலைமுறைச் செயலிகளில் உள்ள எச்டி 2000, எச்டி 3000 கிராபிக்ஸுக்கு விண்டோஸ் 10-இல் இன்டெல் அதிகாரப்பூர்வ ஆதரவு தரவில்லை. இருந்தாலும் விண்டோஸ் அப்டேட் வழியாக 9.17 வரிசை டிரைவர் வருகிறது. சித்தப்பாவின் கணினி இந்த ஒரு படியிலேயே தெளிந்தது.

அங்கே எதுவும் வராவிட்டால் உங்கள் சில்லு எது என்று கண்டுபிடிக்க வேண்டும். டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரை இருமுறை சொடுக்கி, டீட்டெயில்ஸ் தாவலில் ஹார்ட்வேர் ஐடிஸ் என்பதைத் தேர்ந்தெடுத்தால் வரும் வரியில் நிறுவனத்துக்குரிய எண் இருக்கும். 8086 என்றால் இன்டெல், 1002 என்றால் ஏஎம்டி, 10டிஇ (10DE) என்றால் என்விடியா. (8086 என்பது 1978-இல் இன்டெல் வெளியிட்ட புகழ்பெற்ற செயலியின் பெயர்.) பிறகு கணினி தயாரித்த நிறுவனத்தின் ஆதரவுப் பக்கத்திலும், அங்கே இல்லையென்றால் சில்லு நிறுவனத்தின் பக்கத்திலும் தேடுங்கள். விண்டோஸ் 10-க்கு இல்லையென்றால் விண்டோஸ் 8.1 அல்லது 7-க்கான டிரைவரை இறக்கி, அதன் ப்ராபர்ட்டீஸில் கம்பாட்டிபிலிட்டி தாவலில் பழைய விண்டோஸைத் தேர்ந்தெடுத்து நிறுவிப் பார்க்கலாம். 32 பிட் விண்டோஸுக்கு 32 பிட் டிரைவர், 64-க்கு 64. இது மாறினால் நிறுவ முடியாது. எல்லா டிரைவரையும் ஒரே சொடுக்கில் தருவதாகச் சொல்லும் இலவச மென்பொருள்களைத் தயவுசெய்து தொடாதீர்கள். வேண்டாத விளம்பர நிரல்கள் அவற்றோடு சேர்ந்து புகுந்துவிடுகின்றன.

புதிய டிரைவரால் நிலைமை மோசமானால், டிவைஸ் மேனேஜரில் அந்த அடாப்டரை இருமுறை சொடுக்கினால் வரும் பெட்டியின் டிரைவர் தாவலில் 'ரோல் பேக் டிரைவர்' என்பதை அழுத்தி முந்தைய நிலைக்குத் திரும்பலாம்.

டிரைவர் சரியாக இருந்தும் மந்தமாக இருந்தால்

செட்டிங்ஸில் பர்சனலைசேஷன், கலர்ஸ் பகுதியில் டிரான்ஸ்பரன்சியை நிறுத்துங்கள். தேடல் பெட்டியில் பர்ஃபார்மன்ஸ் என்று தட்டி, தோற்றத்தைச் சரிசெய்யும் பெட்டியைத் திறந்து, 'அட்ஜஸ்ட் ஃபார் பெஸ்ட் பர்ஃபார்மன்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் எழுத்துகளின் விளிம்பை மென்மையாக்கும் 'ஸ்மூத் எட்ஜஸ் ஆஃப் ஸ்கிரீன் ஃபான்ட்ஸ்' என்பதை மட்டும் மீண்டும் குறியிட்டு வையுங்கள். அதை நிறுத்தினால் தமிழ் எழுத்துகளில் புள்ளியும் சுழியும் பிசிறடித்து, மொய்ப் பட்டியலில் 'ண'வையும் 'ன'வையும் பிரித்தறியக் கண் வலிக்கும்.

செயலியோடு சேர்ந்த கிராபிக்ஸுக்குத் தனி நினைவகம் கிடையாது. அது கணினியின் ரேமிலிருந்தே எடுத்துக்கொள்கிறது. ஆகவே 4 ஜிபி ரேம் ஒரே குச்சியாக (ஒரே அட்டையாக) இருந்தால், அதே வகை இன்னொரு குச்சியைக் காலியான இடத்தில் சேர்ப்பது இரட்டிப்புப் பயன் தரும்: நினைவகமும் கூடும், செயலி இரண்டு தடங்களில் ஒரே நேரத்தில் படிப்பதால் கிராபிக்ஸும் வேகம் பெறும்.

மதுரைச் சித்திரை வெயிலில், மண்டபத்துத் தூசி படிந்த விசிறியோடு ஓடும் மடிக்கணினி சூடு தாங்காமல் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். விசிறியைத் துடைத்து, செயலியின் சூட்டைக் கடத்த அதன் மேல் பூசியிருக்கும் வெப்பப் பசையை மாற்றினால் போதும்.

இரண்டு எல்லைகள்

விண்டோஸ் விஸ்டாவில் அறிமுகமான டபிள்யூடிடிஎம் (WDDM) என்ற கிராபிக்ஸ் டிரைவர் அமைப்பில் டிரைவர் எழுதப்படாத மிகப் பழைய சில்லுகளுக்கு, எடுத்துக்காட்டாக இன்டெல் ஜிஎம்ஏ 900-க்கு, விண்டோஸ் 10-இல் எந்த வழியும் இல்லை. மேலும், விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இவ்வளவு பழைய செயலிகளை ஏற்பதில்லை. எனவே சித்தப்பாவின் கணினியில் மொய் எழுதுவதோடு நிறுத்திக்கொண்டு, வங்கிப் பரிவர்த்தனைகளை அதில் செய்ய வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

பெரிய புதுப்பிப்பு எதையாவது நிறுவிய பிறகு திரை மறுபடியும் தடுமாறினால், முதலில் டிவைஸ் மேனேஜரைத் திறந்து 'மைக்ரோசாஃப்ட் பேசிக் டிஸ்ப்ளே அடாப்டர்' என்ற பெயர் திரும்பி வந்திருக்கிறதா என்று பாருங்கள்.